தரையில் நின்ற இரண்டு பேர்

எருமைக்கும் கொக்குக்கும் ஒரே பாஷை இருந்த அந்தக் காலத்தில், கொண்டைமேட்டு ஏரியில் பொட்டலி என்றொரு ஆள்காட்டிக் குருவி இருந்தாள். அப்போது அவள் இனத்துக்கு ஆள்காட்டி என்ற பெயரே கிடையாது. வாயைத் திறந்து நாலு பேர் கேட்கப் பேசினால்தானே அப்படி ஒரு பெயர் வரும்? அவள் பேசினால் பக்கத்தில் நிற்கும் புருஷன் சரளையனுக்கு மட்டும்தான் கேட்கும். பல நேரம் அவனுக்கே கேட்காது. "என்ன சொன்னே?" என்று அவன் கேட்பதும், "ஒண்ணுமில்ல" என்று அவள் சொல்வதுமாகவே அவர்கள் குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது.

மஞ்சள் கால், கண்ணோரம் கொஞ்சம் சிவப்புத் தோல், பார்க்க லட்சணமான ஜோடி. ஒரே ஒரு குறை. காலில் பின்விரல் பேருக்கு ஒரு முளை மாதிரி இருக்கும், கிளையைப் பிடிக்க உதவாது. அதனால் அவர்கள் மரத்தில் உட்காருவதில்லை. ஓடுவது தரையில், முட்டையிடுவது தரையில். அந்த ஏரியில் தரையில் குடியிருந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். மற்ற அத்தனை பேரும் மரத்துக்காரர்கள்.

ஏரியை முன்பு ஒரு பருந்து ஆண்டது. ஆண்டது என்றால் என்ன, பசித்தபோதெல்லாம் வந்து யார் கூட்டில் வேண்டுமானாலும் காலை விட்டது. கேட்க நாதியில்லை. ஒரு நாள் எல்லோருக்கும் பொறுமை போய், கூட்டமாகக் கிளம்பி அதை மலைக்கு அப்பால் துரத்திவிட்டார்கள். பொட்டலியும் போயிருந்தாள். தலையில் ஒரு கொத்து வாங்கிக்கொண்டு, ரத்தத்தோடு திரும்பி வந்து, "போய்ட்டான்" என்று புருஷனிடம் சொன்னாள். அதுவும் மெதுவாகத்தான்.

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்தார்கள். இனி ராஜா என்று யாரும் கிடையாது. எது செய்வதானாலும் எல்லோரும் கூடிப் பேசுவது. கரையில் ஒரு மருத மரமும் ஒரு இலுப்பை மரமும் எதிரெதிரே நின்றன. வேண்டும் என்பவர் மருதத்தில் உட்கார வேண்டும். வேண்டாம் என்பவர் இலுப்பையில் உட்கார வேண்டும். எந்த மரத்தில் அதிகம் பேரோ அந்த மரம் சொன்னது நடக்கும். எண்ணுகிற வேலை கரிச்சான் குருவிக்கு. வால் இரண்டாகப் பிளந்தவன், துடுக்குக்காரன், ஆனால் எண்ணிக்கையில் பிசகாதவன். முடிவைச் சொல்கிற வேலை நாரைக்கு. நாரையை எல்லோரும் அத்தை என்றுதான் கூப்பிட்டார்கள். யாருக்கும் ஓரவஞ்சனை செய்யாதவள்.

இந்த ஏற்பாட்டைப் பார்த்துப் பொட்டலிக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த வருஷம் நாலு கூட்டம் நடந்தது. நாலுக்கும் அவளும் சரளையனும் முதல் ஆளாக வந்து மருத மரத்தடியில் நின்றார்கள். நாலிலும் மருதம்தான் ஜெயித்தது. "நாம நின்ன பக்கம் ஜெயிச்சிருச்சு பார்த்தியா?" என்று திரும்பி வரும்போது சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

அடுத்து வந்த கோடை பொல்லாத கோடை. ஏரித் தண்ணீர் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிவிட்டது. வெட்டுக்கிளி இல்லை, தத்துப்பூச்சி இல்லை. கூடுகளில் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. தாய்மார்கள் பறந்து பறந்து இளைத்துப் போனார்கள். மைனா வீட்டில் இரண்டு குஞ்சு செத்தே போயிற்று. இதைச் சொல்லாமல் விட்டால் கதை ஓரவஞ்சனையாகிவிடும், அதனால் சொல்கிறேன். பசி எல்லோருக்கும் நிஜமாகவே இருந்தது.

பொட்டலிக்குப் பசி பெரிதாகத் தெரியவில்லை. அவள் அடைகாத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வற்றிய இடத்துச் சரளைக் கல்லுக்கு நடுவில் நாலு முட்டை. கல் எது முட்டை எது என்று அவளுக்கே சில நேரம் சந்தேகம் வரும். உட்கார்ந்து இருபது நாள் ஆகியிருந்தது. இன்னும் எட்டு நாள் போனால் பொரித்துவிடும்.

அப்போதுதான் உண்ணிக்கொக்கு ஒரு யோசனை சொன்னான். ஊர் எருமைகளை ஏரிக்குள் மேய வரச் சொல்லலாம் என்றான். எருமை நடந்தால் புல்லுக்குள் ஒளிந்திருக்கும் பூச்சியெல்லாம் குதித்துக் கிளம்பும். எருமை முதுகில் உண்ணி இருக்கும். சாணத்தில் புழு இருக்கும். ஒரு மந்தை வந்தால் போதும், எந்தக் கூட்டிலும் ஒரு குஞ்சும் சாகாது. எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"எருமை வந்தா எங்கே நடக்கும்?" என்று பொட்டலி சரளையனிடம் கேட்டாள்.

"எங்கே நடக்கும்? தரையிலதான்" என்றான் அவன்.

இரண்டு பேரும் முட்டைகளைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

கூட்டம் அடுத்த நாள் காலையில். பொட்டலி வாழ்க்கையில் முதல் முறையாக இலுப்பை மரத்தடிக்குப் போனாள். கால் கூசியது. எல்லோரும் மருதத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, எதிர்ப்பக்கம் போய் நிற்பது என்னவோ திருடப் போவது போல இருந்தது. சரளையனும் கூடவே வந்து நின்றான். மேலே இலுப்பையில் ஒரே ஒரு கிழட்டு மைனா. அவன் குடியிருப்பதே அந்த மரத்தில்தான், தூங்கிக்கொண்டிருந்தான்.

கரிச்சான் பறந்து பறந்து எண்ணினான். "மருதத்துல நூத்திப் பன்னிரண்டு. இலுப்பையில யாரும் இல்ல. தூங்குறவன் கணக்கில் வரமாட்டான்."

பொட்டலிக்கு ஒன்றும் புரியவில்லை. "தம்பி, நாங்க ரெண்டு பேர் இருக்கோமே" என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை. சரளையன் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான்.

கரிச்சான் கீழே பார்த்தான். "அக்கா, நீங்க தரையில நிக்கிறீங்க. மரத்துல உட்கார்ந்தாத்தானே எண்ண முடியும்? ஏற்பாடே அப்படித்தானே?"

"அப்போ போன நாலு தடவையும் எங்களை எண்ணினியே?"

"இல்லையேக்கா. எப்பவும் எண்ணினதில்லையே" என்றான் அவன். அவன் குரலில் துளி வன்மம் இல்லை. அவனுக்கு இவள் கேட்டதுதான் ஆச்சரியமாக இருந்தது.

பொட்டலிக்கு முகம் சுண்டிப் போயிற்று. நாலு தடவையும் ஒப்புக்குச் சப்பாணியாக நின்றுவிட்டு, ஜெயித்துவிட்டோம் என்று ஊரெல்லாம் சிரித்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். யாருமே சொல்லவில்லை. மறைத்ததாகவும் தெரியவில்லை. யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவளே நினைத்துப் பார்க்கவில்லையே, பிறரைச் சொல்லி என்ன?

"அப்படின்னா மரத்துல ஏறிடறேன்" என்று சொல்லி, இலுப்பையின் தாழ்ந்த கிளைக்குப் பறந்தாள். கிளையில் கால் பட்டது, பிடிக்கவில்லை. வழுக்கி விழுந்தாள். மறுபடி ஏறினாள், மறுபடி விழுந்தாள். மருதத்தில் இருந்த குஞ்சுகள் சிரித்தன. பெரியவர்கள் அதட்டினார்கள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நாரை அத்தைக்குப் பொறுக்கவில்லை. "போதும்மா, விடு" என்று இறங்கி வந்தாள். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்: "இது நியாயமில்ல. காலு அப்படி இருந்தா அவ என்ன செய்வா? இன்னையிலிருந்து தரையில நிக்கிறவங்களையும் எண்ணணும். மரத்தடியில நின்னா மரத்துல உட்கார்ந்த மாதிரிதான். என்ன சொல்றீங்க?"

எல்லோரும் சரி என்றார்கள். மனசாரத்தான் சொன்னார்கள். உண்ணிக்கொக்கு, "இத்தனை நாள் தோணாமப் போச்சே தங்கச்சி, மன்னிச்சுக்கோ" என்று கூடச் சொன்னான். கரிச்சான் மறுபடி எண்ணினான். "மருதத்துல நூத்திப் பன்னிரண்டு. இலுப்பையடியில ரெண்டு."

ரெண்டு. அந்த வார்த்தையைக் கேட்டதும் பொட்டலிக்குக் கண் கலங்கிவிட்டது. நம்மையும் எண்ணிவிட்டார்கள், நம் தலைக்கும் ஒரு எண்ணிக்கை வந்துவிட்டது என்று மனசு பொங்கியது. சரளையனின் தோளில் இடித்து, "எண்ணிட்டாங்க" என்றாள்.

"எண்ணிட்டாங்க, சரி. முட்டை?" என்றான் சரளையன்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இலுப்பை தோற்றுவிட்டது. நாளை மறுநாள் எருமை வரும்.

நாரை அத்தை முடிவைச் சொல்லி, கொக்கு ஊருக்குள் பறந்து, எருமைகளிடம், "ஏரிக்காரங்க எல்லாரும் உங்களைக் கூப்பிடுறோம்" என்று சொல்லிவிட்டும் வந்தாயிற்று.

அந்த இரண்டு நாளும் பொட்டலியின் மண்டையை ஒரே விஷயம் குடைந்தது. தப்பு எங்கே நடந்தது? யார் செய்தது? பருந்து ஆண்ட காலத்தில் ஒரு முட்டை போனால், எவன் தின்றான் என்று தெரியும். உட்கார்ந்து அவன்மேல் மண்ணை வாரித் தூற்றலாம். மனசு ஆறும். இப்போது யாரைத் திட்டுவது? கரிச்சான் சரியாகத்தான் எண்ணினான். நாரை அத்தை நியாயமாகத்தான் பேசினாள். கொக்குக்குக் குஞ்சு பசி. எல்லோரும் நல்லவர்கள். எல்லா நல்லவர்களும் சேர்ந்து அவள் முட்டைமேல் எருமையை ஏற்றப் போகிறார்கள். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

சரளையனை அடைகாக்க வைத்துவிட்டு ஒவ்வொருவராகப் போய்க் கேட்டாள்.

"முட்டையைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கோயேன்" என்றாள் குஞ்சைப் பறிகொடுத்த மைனா. எங்கே தள்ளி வைத்தாலும் அது தரைதான் என்று பொட்டலி சொன்னாள். மைனா யோசித்துவிட்டு, "ஆமால்ல" என்றாள்.

"அடுத்த கோடைக்கு நீயே ஒரு யோசனை கொண்டு வாக்கா. முதல் ஆளா எண்ணித் தரேன்" என்றான் கரிச்சான்.

ஒரு நீர்க்காகம் சிறகைக் காயப் போட்டுக்கொண்டே, "பிடிக்கலைன்னா வேற ஏரி பார்த்துக்க வேண்டியதுதானே" என்றது. பொட்டலி பிறந்தது அந்தச் சரளையில். அவளைப் பெற்றவளும் அங்கேதான் பிறந்தாள். பருந்தைத் துரத்தப் போனபோது அந்த நீர்க்காகம் வந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல வரவில்லை.

கடைசியாகக் கொக்கிடம் போனாள். "அண்ணே, உங்க குஞ்சு பசி எனக்குத் தெரியுது. நான் இல்லைன்னு சொல்லலை. எட்டு நாள், இப்போ ஆறு நாள். பொறுக்க முடியாதா?"

கொக்கு தலையைக் குனிந்துகொண்டான். "ஆறு நாள்ல என் குஞ்சு செத்துடும் தங்கச்சி. நீங்க ரெண்டு பேரு, நாங்க நூத்திப் பன்னிரண்டு பேரு. உனக்கே நியாயமாப் படலையா?"

நியாயமாகத்தான் பட்டது. அதுதான் கொடுமை. கேட்டபோது நியாயமாக இருந்தது, முட்டைமேல் வந்து உட்கார்ந்தபோது அநியாயமாக இருந்தது. எழுந்தால் ஒரு நினைப்பு, உட்கார்ந்தால் ஒரு நினைப்பு. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மூன்றாம் நாள் வெயில் ஏறும் நேரத்துக்கு எருமைகள் கரையேறி வந்தன. பதினேழு. மரத்திலெல்லாம் ஒரே கொண்டாட்டம். முதல் எருமை கொம்பு வளைந்த பெரிய எருமை, மந்தைக்கே மூத்தவள். அவள் பின்னால் மற்றவை வரிசை கலைந்து சரளைக்குள் இறங்கின.

பொட்டலி முட்டைமேல் உட்கார்ந்தே இருந்தாள். தரை அதிர்ந்தது. பக்கவாட்டில் வந்த இளம் எருமை ஒன்று காலைத் தூக்கியது. பொட்டலி துள்ளி விலகினாள். கால் இறங்கியது. ஓரத்து முட்டை, ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

அந்த நிமிஷம் அவளுக்குள் என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது. வாயைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து பேசாமல் வைத்திருந்த அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. அப்படி ஒரு கத்தலை அந்த ஏரி கேட்டதில்லை. இறக்கையை விரித்துக்கொண்டு எருமையின் முகத்துக்கு நேரே ஓடினாள். மேலே எழும்பினாள், விழுந்தாள், எழும்பினாள், கத்திக்கொண்டே இருந்தாள். சரளையனும் சேர்ந்துகொண்டான். மரத்தில் கொண்டாட்டம் நின்றுவிட்டது.

பெரிய எருமை நின்றாள். அவள் நின்றதும் மந்தையே நின்றது.

"என்னம்மா?" என்றாள்.

"முட்டை" என்றாள் பொட்டலி. உடைந்ததைப் பார்த்து நின்றாள்.

எருமை குனிந்து மூச்சுவிட்டுப் பார்த்தாள். "ஏரிக்காரங்க எல்லாரும் கூப்பிடுறாங்கன்னுதானே கொக்கு வந்து சொன்னான். வேண்டாம்னு சொன்ன ஆளும் இருந்தாங்கன்னு சொல்லலையே. சொல்லியிருந்தா பார்த்து வந்திருப்போமே."

பொட்டலி அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். ரெண்டு என்று எண்ணினார்களே, அந்த ரெண்டு எங்கே போயிற்று? ஊருக்குள் போய்ச் சேருவதற்குள் "எல்லாரும்" என்று ஆகிவிட்டதா?

"எனக்குக் கண்ணு காலடியில படாது" என்றாள் எருமை. "காது நல்லாக் கேக்கும். நீ இப்போ கத்தினியே, அப்படிக் கத்து. கத்துற இடத்தைச் சுத்திப் போயிடறோம். மேய்ச்சலுக்கு இடமா இல்ல?"

சொன்னபடியே மந்தை சுற்றிப் போயிற்று. பூச்சி கிளம்பியது, கொக்குக் குஞ்சுகள் தின்றன. பொட்டலிக்கு மூன்று முட்டை மிஞ்சியது. அன்று சாயங்காலம்வரை அவள் உடைந்த ஓட்டின் பக்கமே போகவில்லை. சரளையன்தான் எடுத்துக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டான்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தினமும் எருமை வரும், தினமும் பொட்டலி கத்துவாள். எருமை வராதபோதும் நிழலைப் பார்த்துக் கத்துவாள். காகம் நடந்தால் கத்துவாள், நரி தூரத்தில் தெரிந்தால் கத்துவாள், விறகு பொறுக்க யாராவது கரையில் வந்தால் கத்துவாள். மரத்துக்காரர்களுக்குக் காது ரணமாகிவிட்டது. குஞ்சுகள் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்தன. ஒரு நாள் மத்தியானம் கூட்டம் கூட்டினார்கள். பொட்டலி இனிமேல் கத்தக் கூடாது. இதுதான் பேச்சு.

மருதம் நிறைந்துவிட்டது. இந்த முறை நூற்றுப் பதினேழு. புதிதாகப் பறக்கப் பழகிய கொக்குக் குஞ்சுகளும் வந்து உட்கார்ந்திருந்தன. இலுப்பையடியில் பொட்டலி தனியாக நின்றாள். சரளையன் முட்டைமேல் இருந்தான். கரிச்சான், "அக்கா, உங்க ரெண்டு பேரையும் சேர்த்தே எண்ணிக்கறேன்" என்று பெருந்தன்மையாகச் சொன்னான்.

நாரை அத்தை வாயைத் திறப்பதற்குள் பொட்டலி கேட்டாள். இப்போது அவள் பேசினால் எல்லோருக்கும் கேட்டது.

"அத்தை, எனக்கு ஒண்ணு புரியலை. புரியாமத்தான் கேக்கறேன். இந்த நூத்திப் பதினேழு பேரும் சேர்ந்து, உங்க கூட்டைத் தள்ளி விடலாம்னு மருதத்துல உட்கார்ந்தா, தள்ளிடுவாங்களா?"

"அது எப்படி? கூடு அவங்களுது" என்றான் கொக்கு.

"முட்டை என்னுது."

"உன் முட்டையை யாரு தொட்டா? கத்தாதேன்னுதானே சொல்றோம். அது வேற, இது வேற."

"கத்தலைன்னா மிதிப்பாங்க. எப்படிண்ணே வேற?"

கொக்கு மைனாவைப் பார்த்தான். மைனா கரிச்சானைப் பார்த்தாள். கரிச்சான் தனக்கு எண்ணத்தான் தெரியும் என்கிற மாதிரி வாலை ஆட்டினான். எதை எண்ணி முடிவு செய்யலாம், எதை எண்ணவே கூடாது என்று அவர்கள் இதுவரை யோசித்ததே இல்லை. யோசிக்க ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்றும் தெரியவில்லை. அன்று இரண்டு நாள் பொட்டலியைக் குடைந்தது இப்போது மரம் முழுவதையும் குடைந்தது. அவளுக்கு மட்டும் தெளிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அவளுக்கும் குழப்பம்தான். பாவம், அவள் நிஜமாகவே பதில் வேண்டித்தான் கேட்டாள்.

"எண்ணிக்கை மருதத்துக்குத்தான்" என்று நாரை அத்தை தொடங்கினாள். நிறுத்தினாள். "ஆனா..." என்றாள்.

அப்போது கரைமேல் எருமைகள் தலை காட்டின. பொட்டலி யார் முடிவுக்கும் காத்திருக்கவில்லை. சரளையை நோக்கி ஓடினாள், ஓடும்போதே கத்தத் தொடங்கினாள். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. நாரை அத்தை சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கவும் இல்லை. அதற்கு இரண்டாம் நாள் மூன்று குஞ்சும் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்து, வந்த கையோடு தரையில் ஓடின.

அன்று முதல்தான் ஆள்காட்டிக்கு அந்தப் பெயர், அந்தக் குரல். எருமை வந்தாலும் நரி வந்தாலும் நீங்கள் போனாலும் நான் போனாலும், தரையில் கிடக்கும் முட்டைக்கு முன்னால் அது இறக்கையை விரித்துக்கொண்டு கத்துகிறது. மரத்தில் இருப்பவர்கள் இன்றைக்கும் முகத்தைச் சுளிக்கிறார்கள். ஏரியில் அவர்கள் எத்தனையோ பெருகிவிட்டார்கள், இவள் பக்கம் இன்னும் இரண்டே பேர்தான். கத்துவதற்கு ஒருத்தி போதும்.